கடை விழாவுக்கு பி.ஆர். ஏஜென்சி வெச்சோம்: கூட்டம் ஓகே, நியூஸ் பாதி, பில்லு மட்டும் முழுசு

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணு. அந்த மூணுல ரெண்டரை அங்க வேலை பார்த்த ஒரே ஒரு பொண்ணுக்கு, மிச்ச அரை பர்மிஷன் விஷயத்துல அவங்க காட்டுன ஒழுங்குக்கு. பி.ஆர். ஏஜென்சின்னா நம்ம விழாவை பேப்பர்ல நியூஸா வர வெக்கற கம்பெனி. ஏஜென்சி பேரு போடல, கடைசில பில்லுல கொஞ்சம் கொறைச்சுக்கிட்டாங்க, சண்டை வேணாம்னு முடிச்சாச்சு. ஆனா எம்.சி. ரோடு, ஜி.ஏ. ரோடு, டோல்கேட் பக்கம் கடை வெச்சிருக்கறவங்க கிட்ட "பி.ஆர். ஈவென்ட் பண்ணித் தரோம்"னு விசிட்டிங் கார்டோட நெறைய பேர் வர்றாங்க இப்பல்லாம், அவங்க கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கட்டும்னு தான் இவ்ளோ நீளமா டைப் பண்ணிட்டு இருக்கேன்.

நாங்க பழைய வண்ணாரப்பேட்டைல ஸ்கூல் யூனிஃபார்ம், புள்ளைங்க துணி விக்கிறோம். எங்கப்பா ஆரம்பிச்சது, இப்ப நானும் தம்பியும் பாத்துக்கறோம். 25 வருஷம் முடிஞ்சுது, மேல ஒரு மாடி எடுத்து ஸ்போர்ட்ஸ் டிரெஸ் செக்ஷன் போட்டோம், அதை நாலு பேருக்கு தெரியற மாதிரி பண்ணணும், ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி மே மாசத்துலயே பண்ணணும், அவ்ளோதான் எங்க தேவை. ஃபீஸ் ஒன்றரை லட்சம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மண்டபம் சாப்பாடு லைட்டு எல்லாம் தனி.

மொத மீட்டிங்க்கு அவங்க ஓனர் வந்தாரு. லேப்டாப்பை தொறந்து போட்டோவா காட்டுனாரு. செண்டை மேளம், பலூன் ஆர்ச், சீரியல் நடிகை, ரிப்பன், மொத நூறு பேருக்கு ஏதோ ஒண்ணு ஃப்ரீ. சேப்பாக்கம் பக்கம் ஒரு ஓட்டல்ல பிரஸ் மீட் வெச்சுக்கலாம், நிருபருங்களுக்கு ஈஸியா இருக்கும்னாரு. எங்க தெருவுல இதையே தான் வர்றவன் போறவன் எல்லாம் பண்றான், மேளம் அடிச்சு முடிஞ்ச மறுநாள் எந்தக் கடைன்னு கேட்டா பூக்காரம்மாவுக்கு கூட தெரியாது. என் தம்பி தலைய ஆட்டிக்கிட்டே இருந்தான், அவனுக்கு அந்த நடிகை புடிக்கும், அது வேற கதை.

கூட வந்த பொண்ணு அது வரைக்கும் நோட்டு எழுதிக்கிட்டே இருந்துச்சு. தண்டையார்பேட்டைல பொறந்து வளந்த பொண்ணு. அது தான் கேட்டுச்சு, "அக்கா, 25 வருஷம்ங்கறது உங்களுக்கு பெரிய விஷயம், பேப்பர்காரருக்கு அதுல இன்னா இருக்கு?" அவங்க ஓனர் மூஞ்சி லைட்டா சுருங்கிப் போச்சு, ஆனா எனக்கு அந்த கேள்விலயே பாதி காசு வசூல் ஆயிடுச்சு. விளம்பரம்னா நம்ம காசு, நம்ம வார்த்தை, என்ன வேணா போட்டுக்கலாம். நியூஸுன்னா அவன் காசு வாங்காம எழுதறான், அப்ப அவன் எழுதற மாதிரி அங்க எதுனா நடக்கணும்ல. ஓட்டல்ல பொக்கே குடுத்துட்டு டீ குடிச்சா எவன் எழுதுவான்?

அடுத்த தடவை வரும்போது அந்தப் பொண்ணே ஒரு ஐடியாவோட வந்துச்சு, கேரம். கேட்ட உடனே ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. நம்ம ஏரியால தெருவுக்கு தெரு கேரம் கிளப் உண்டு, அது வெறும் டைம் பாஸ் இல்ல. மரிய இருதயம் 1991லயும் 1995லயும் உலக சாம்பியன், 1996ல அர்ஜுனா விருது வாங்குனவரு. வியாசர்பாடி இளவழகி 2008ல பிரான்ஸ்க்கு போய் உலக சாம்பியன் ஆச்சு. 2024ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்குன காசிமா நம்ம வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பொண்ணு. இவ்ளோ இருக்கற ஊர்ல, ஸ்கூல் படிக்கற பொண்ணுங்களுக்கு மட்டும் ஒரு கேரம் டோர்னமென்ட் வெச்சா, விளையாடற எல்லாருக்கும் நம்ம கடைல தெச்ச ஜெர்சி குடுத்தா, புது ஸ்போர்ட்ஸ் செக்ஷனும் அதோட வந்துடும், நியூஸுக்கும் காரணம் இருக்கு. இந்த ஒரு யோசனைக்கு தான் நான் ஃபீஸ் குடுத்தேன்னு நெனச்சுக்கறேன்.

தேதி புடிச்ச விதம் நல்லா இருந்துச்சு, இதை சொல்லியே ஆகணும். நான் ஞாயித்துக்கிழமைன்னேன். அந்தப் பொண்ணு வேணாம்னுச்சு, அன்னிக்கு காலைல பாதி ஜனம் காசிமேட்டுல மீன் வாங்கப் போயிடும், சாயங்காலம் நமக்கே கடைல நிக்க இடம் இருக்காது. மே மாசம் கல்யாண சீசன், முகூர்த்த நாள்னா மண்டபமும் கெடைக்காது, கெடைச்சா ரேட்டு ஏத்துவான். ஐபிஎல் மேட்ச் சேப்பாக்கத்துல இருந்தா ஸ்போர்ட்ஸ் நிருபர் ஒருத்தர் கூட நம்ம பக்கம் திரும்ப மாட்டாரு. இதெல்லாம் ஒண்ணு ஒண்ணா கழிச்சு ஒரு சனிக்கிழமை காலைல பத்தரைன்னு வெச்சாங்க. பத்தரை ஏன்னா மாலைமலர் மாதிரி சாயங்காலப் பேப்பர்ல அன்னிக்கே வரணும்னா மத்தியானத்துக்குள்ள போட்டோ போய்ச் சேரணும். சாயங்காலம் ஆறு மணிக்கு விழா வெச்சுட்டு நாளைக்கு பேப்பர்ல வரலையேன்னு அழுவற கடைக்காரங்க எனக்கே நாலு பேரைத் தெரியும்.

பர்மிஷன் விஷயத்துலயும் குறை சொல்ல முடியாது. ஓனர் ஸ்கூல் புள்ளைங்களை வெச்சு ஒரு சின்ன ஊர்வலம் போலாம்னாரு, அந்தப் பொண்ணு தான் சிட்டி போலீஸ் ஆக்ட் 41 அது இதுன்னு சொல்லி, அஞ்சு நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கணும், அதுவும் கத்திரி வெயில்ல புள்ளைங்களை ரோட்டுல நடக்க விட்டா நியூஸ் வேற மாதிரி வரும்னு நிறுத்துச்சு. மண்டபத்துக்கு வெளிய ஸ்பீக்கர் கட்டறதும் கேன்சல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இதுங்களை சுத்தி 100 மீட்டருக்கு சைலன்ஸ் ஜோனா அறிவிக்கலாம்னு 2000த்துல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதி இருக்கு, ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம்.னு ரெண்டு பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஏரியால இஷ்டத்துக்கு கட்ட முடியாது. ரோட்டுல பேனரும் வேணாம்னு நானே சொல்லிட்டேன், 2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு உயிர் போனதுக்கு அப்புறமும் ரோட்டை மறிச்சு பேனர் வெக்கறவங்களை எனக்கு ஆவாது. உள்ள பாட்டு போடறதுக்கு பாட்டு உரிமைக்கு காசு வாங்கற பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். அமைப்புங்க கிட்ட லைசென்ஸ் எடுக்கணும்னு கூட எழுதிக் குடுத்துச்சு, நாங்க பாட்டே வேணாம்னுட்டோம், கேரமுக்கு எதுக்கு பாட்டு.

விளம்பரம் பண்ண வேலைக்கு வருவோம். இதுல ரெண்டு விதம் நடந்துச்சு. ஓனர் சைடு, ஒரு இன்ஸ்டாகிராம் அம்மாவை புடிச்சாங்க, பேரு வேணாம், அதுக்கு ஒரு தனித் தொகை. அந்தம்மா வந்து ஜெர்சியை தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ரீல் எடுத்துட்டு பிரியாணி சாப்பிட்டு போச்சு. ரீல்ல காசு வாங்கிட்டு போட்டதுன்னு ஒரு டேக் கூட இல்ல. விளம்பரத்துக்கான ஆஸ்கி அமைப்பு 2021லயே சொல்லிடுச்சு, காசா இருந்தாலும் சரி, ஓசிப் பொருளா இருந்தாலும் சரி, விளம்பரம்னு பார்த்த உடனே தெரியற மாதிரி போடணும்னு. நான் கேட்ட அப்புறம் தான் போட்டாங்க. வியூஸ் பிச்சுக்கிட்டு போச்சு, ஒத்துக்கறேன். கமெண்ட்ல கோயமுத்தூர்லேருந்து, துபாய்லேருந்து ஹார்ட்டு விட்டாங்க. துபாய்க்காரன் எங்கிட்ட வந்து எட்டாங்கிளாஸ் ஸ்கர்ட்டு வாங்கப் போறானா?

இன்னொரு விதம் அந்தப் பொண்ணு பண்ணது. ராயபுரம், தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொத்தியூர் வரைக்கும் ஸ்கூல் ஸ்கூலா போய் பி.டி. சாருங்களை பார்த்துச்சு. லீவு விட்டாலும் சாருங்க கிட்ட புள்ளைங்களோட வாட்ஸ்அப் குரூப் இருக்கும்ல. கேரம் கிளப் மாஸ்டருங்க கிட்ட போய் ரூல்ஸ் கேட்டு, அவங்களையே அம்பயரா உக்கார வெச்சுச்சு. பேப்பர் ஏஜென்ட் கிட்ட சொல்லி காலைல பேப்பருக்குள்ள நோட்டீஸ் வெச்சுது, பழைய ஐடியா தான், ஆனா வீட்டுல பாட்டி படிக்கும், பேத்திய அனுப்பும். நாங்க அப்புறம் பில் போடற இடத்துல ஒரு நோட்டு வெச்சு, எப்படி நம்ம கடை தெரிஞ்சுதுன்னு புதுசா வர்றவங்களை கேட்டு எழுதிட்டு வந்தோம். சார் சொன்னாரு, குரூப்ல பார்த்தேன், நோட்டீஸ் வந்துச்சு, இதே தான் பக்கம் பக்கமா. ரீல் பார்த்து வந்தேன்னு சொன்னவங்களை தேடணும்.

பிரஸ் நோட்டு விஷயத்துல ஒரு கூத்து நடந்துச்சு. ஓனர் எழுதுனது "சென்னையின் முன்னணி ஆடை நிறுவனமான"ன்னு ஆரம்பிச்சு மொத ரெண்டு பாராவும் எங்கப்பா புகழ், எங்க கடை புகழ், மூணாவது பாராவுல தான் கேரம்னு ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணு அதை அப்படியே தலைகீழா போட்டுச்சு. மொத வரில வடசென்னை ஸ்கூல் பொண்ணுங்க கேரம் போட்டி, எங்க, எப்ப. ரெண்டாவதுல இந்த ஏரியா சாம்பியனுங்க பேரு. கடைசில தான் நாங்க, அதுவும் ரெண்டே வரி. எங்கப்பாவுக்கு கொஞ்சம் வருத்தம் தான், பேரு கீழ போயிடுச்சேன்னு. ஆனா அந்த ரெண்டு வரி எந்தப் பேப்பர்ல வந்தாலும் வெட்டாம வரும்னு சொல்லுச்சு, பாதி நெசமாச்சு. அழைப்புல மெட்ரோ ஸ்டேஷன் பேரும், எந்தப் பக்கம் எறங்கி எவ்ளோ நடக்கணும்னும் போட்டுச்சு. 2019லயே வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்துடுச்சு, 2021ல விம்கோ நகர் வரைக்கும் போயிடுச்சு, இன்னமும் அண்ணா சாலை பக்கம் இருக்கறவங்களுக்கு நார்த் மெட்ராஸுன்னா ஏதோ ஆந்திரா பார்டர் நெனப்பு. முந்தின நாள் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, வரீங்களா, போட்டோகிராபர் தனியா வர்றாரான்னு கேட்டுச்சு. வந்தாங்க. நான் எதிர்பார்த்ததை விட ஜாஸ்தி பேரு.

இப்ப சொதப்பல். விழா அன்னிக்கு மண்டபத்துக்குள்ள நொழஞ்சா, ஓனர் ஏற்பாட்டுல நாலு மூலைலயும் பெரிய பெரிய ஏர் கூலர். மே மாசம், வெயில், நல்ல எண்ணம் தான். ஆனா கூலர் காத்துல ஈரம் இருக்கும், போர்டு மேல போரிக் பவுடர் ஒட்டிக்கிச்சு, ஸ்ட்ரைக்கர் பாதி போர்டுலயே நின்னு போவுது. மாஸ்டர் ஒருத்தர் விரலால போர்டை தடவி பார்த்துட்டு "யார்பா இது, போர்டுல தோசை சுடவா"ன்னு கத்துனாரு. கூலரை ஆஃப் பண்ணி சீலிங் ஃபேன் போட்டா பவுடர் பறக்குது. கடைசில ஃபேனையும் நிறுத்தி, போர்டெல்லாம் தொடச்சு திரும்ப பவுடர் போட்டு, எல்லாரும் வேர்த்து ஊத்திக்கிட்டே ஆடுனாங்க. லைட்டும் அப்படியே, ஸ்டேஜுக்கு போடற கலர் லைட்டை போர்டு பக்கம் திருப்பி வெச்சிருக்காங்க, வெள்ளைக் காயின் எது ரெட்டு எதுன்னு தெரியல, ஒரு பொண்ணு ரெட்டு போட்டுட்டு ஃபாலோ எடுக்கப் போய் கை நிழல்ல காயினே தெரியாம தடுமாறுச்சு. கிளப்புல இருக்கற மாதிரி போர்டுக்கு நேரா மேல தொங்கற பல்பு தான் வேணும், அதை மாஸ்டருங்களே ஆள் அனுப்பி கிளப்புலேருந்து கொண்டாந்து கட்டுனாங்க. ஈவென்ட் கம்பெனின்னு காசு வாங்கறவங்க, நடக்கப் போற ஆட்டத்தை ஒரு தடவையாச்சும் கிட்ட நின்னு பார்த்திருக்க வேணாமா?

அடுத்தது சீஃப் கெஸ்ட். நடிகையை விட்டுடுவோம்னு நான் சொல்லியும் ஓனர் கேக்கல, வேற ஒரு டிவி முகத்தை புடிச்சாரு. பத்தரைக்கு வரவேண்டியவரு பன்னெண்டே காலுக்கு வந்தாரு. அது வரைக்கும் எந்த நிருபர் உக்காந்திருப்பாரு, அவங்களுக்கு அன்னிக்கு இன்னும் ரெண்டு மூணு அசைன்மென்ட் இருக்கும். அந்தப் பொண்ணு காத்திருக்கல. பதினோரு மணிக்கே ஆட்டத்தை ஆரம்பிக்கச் சொல்லி, போட்டோகிராபருங்களை போர்டுக்கு பக்கத்துல தரைல உக்கார வெச்சுச்சு, பல்பு வெளிச்சம், பவுடர், ஒரு பொண்ணு நாக்கை கடிச்சுக்கிட்டு ஸ்ட்ரைக்கரை குறி வெக்குது, அந்த போட்டோ தான் பேப்பர்ல வந்துச்சு. ஜெர்சில எங்க கடை பேரு நெஞ்சுல பெருசா போட்டிருந்தோம், பொண்ணு குனிஞ்சதுல பேருல பாதி தான் தெரிஞ்சுது. பரவால்ல, பாதி பேரை வெச்சே கண்டுபுடிச்சு வந்துட்டாங்க. சீஃப் கெஸ்ட் ரிப்பன் வெட்டுன போட்டோ எங்க கல்லாவுக்கு பின்னாடி மட்டும் தான் இருக்கு.

எனக்கு நெஜமாவே கோவம் வந்தது அதுக்கு அப்புறம் நடந்ததுல. வராத பேப்பருங்களுக்கு போட்டோவும் ரிசல்ட்டும் மத்தியானமே அனுப்பணும். ஏஜென்சி போட்டோகிராபர் கல்யாணத்துக்கு போறவரு போல, நிதானமா வீட்டுக்கு போய் கலர் பண்ணி ராத்திரி தான் குடுத்தாரு, அதுக்குள்ள பேஜ் முடிஞ்சிருக்கும். அதை விட மோசம், கேப்ஷன்ல பொண்ணுங்க பேரு மாறிப் போச்சு. ஃபைனல்ல ஜெயிச்ச பொண்ணு பேருக்கு பதிலா தோத்த பொண்ணு பேரு போட்டு அனுப்பி, ஒரு இடத்துல அப்படியே அச்சாயிடுச்சு. ஜெயிச்ச பொண்ணோட அப்பா பேப்பரை மடிச்சு கைல வெச்சுக்கிட்டு கடைக்கு வந்தாரு. சத்தமே போடல. "எம் பொண்ணு ஜெயிச்சுச்சுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன் மா, இதை எப்படி காட்டுவேன்"னு கேட்டாரு. நான் ஏஜென்சிக்கு போன் போட்டா, ஆன்லைன்ல மாத்திக்கலாம் மேடம், பிரிண்ட்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. திருத்தம் போடச் சொல்லி ஒரு மெயில் அனுப்பறதுக்கு கூட கை வரல. அந்தப் பொண்ணே தனியா பேசி மறுநாள் ஒரு சின்ன திருத்தம் வர வெச்சுது. ஒண்ணு மட்டும் ஒழுங்கா செஞ்சிருந்தாங்க, போட்டோ எடுக்க எல்லா புள்ளைங்களோட அப்பா அம்மா கிட்டயும் முன்னாடியே கையெழுத்து வாங்கி வெச்சிருந்தாங்க.

பில்லு வந்துச்சு. அதுல "மீடியா ஹாஸ்பிடாலிட்டி"ன்னு ஒரு வரி. என்னன்னு நோண்டுனா, நிருபருங்களுக்கு காசு வெச்ச கவர். எங்கிட்ட கேக்காமயே. விழா அன்னிக்கு ஒரு நிருபர் எங்கிட்டயே வந்து, கவர்லாம் வேணாங்க, செமி ஃபைனல் ஸ்கோர் மட்டும் கரெக்டா எழுதிக் குடுங்கன்னு சொன்னாரு, அப்ப எனக்கு எதைப் பத்தி பேசறாருன்னே புரியல. நிருபருங்க மானத்துக்கும் கேடு, எங்க கடை பேருக்கும் கேடு. அந்த வரிக்கு காசு தர மாட்டேன்னு நின்னேன், எடுத்துட்டாங்க. மேல சொன்ன கொறைச்சுக்கிட்டது இது தான்.

அப்புறம் ரிப்போர்ட்டு. கலர் கலரா ஒரு பி.டி.எஃப்., வந்த நியூஸ் எல்லாத்தையும் சென்டிமீட்டர் போட்டு அளந்து, அதே இடத்துக்கு விளம்பர ரேட்டு என்னவோ அதை பெருக்கி, உங்களுக்கு 11 லட்சம் மதிப்பு கெடைச்சிருக்குன்னு கடைசிப் பக்கத்துல பெரிய எழுத்துல. பி.ஆர். தொழில்ல இருக்கறவங்களே 2010ல பார்சிலோனால உக்காந்து, விளம்பர ரேட்டை வெச்சு பி.ஆர். மதிப்பை சொல்லாதீங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுல எங்களுக்கு வந்த பாதி லிங்க்கு யாருமே படிக்காத வெப்சைட்டு, பிரஸ் நோட்டை கமா கூட மாத்தாம ஒட்டி வெச்சிருக்கான். 11 லட்சம் எங்க இருக்குன்னு எங்கப்பா கேட்டாரு, கல்லாவைத் தொறந்து காட்டட்டுமான்னு நான் கேட்டேன். நெஜ பலன் வேற இடத்துல இருந்துச்சு. பேப்பர் கட்டிங்கை பார்த்துட்டு ஒரு ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் ஆபீஸ்லேருந்து ஸ்போர்ட்ஸ் டே ஜெர்சிக்கு ரேட்டு கேட்டு போன் வந்துச்சு, ஆர்டரும் வந்துச்சு. மேல் மாடில ஜூன் மாசம் நிக்க இடம் இல்ல. பி.டி. சாருங்க இப்ப நேரா என் நம்பருக்கே போன் போடறாங்க. இதுல ஒண்ணு கூட அந்த ரிப்போர்ட்ல இல்ல.

யாருக்கு இது சரிப்படும்னா, கைல சொல்றதுக்கு ஒரு மேட்டர் இருக்கறவங்களுக்கு. வெறும் ஆடித் தள்ளுபடி கூட்டம் தான் வேணும்னா ஏஜென்சி வேணாம், நோட்டீஸும் ஆட்டோ பின்னாடி போஸ்டரும் போதும், ஹலோ எஃப்.எம்., சூரியன் எஃப்.எம்.ல ஒரு ஸ்பாட்டு போட்டா இன்னும் நல்லது. ஏஜென்சி தான் வெக்கப் போறீங்கன்னா, மீட்டிங்க்கு வர்ற ஓனரை பார்த்து கையெழுத்து போடாதீங்க, டெய்லி நம்ம வேலைய யார் பார்க்கப் போறாங்களோ அவங்க பேரை போட்டு எழுதி வாங்குங்க. வெளி ஆளுக்கு போற காசுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி பில்லு கேளுங்க. போட்டோ எத்தனை மணிக்கு கைக்கு வரும்னு மணியோட எழுதச் சொல்லுங்க, பேரு எல்லாத்தையும் நம்ம ஆளு ஒருத்தர் சரி பார்த்த அப்புறம் தான் வெளிய போகணும்னும் சேர்த்துக்கோங்க.

அந்தப் பொண்ணு இப்ப அந்த ஏஜென்சில இல்ல, தனியா பண்ணுது. அடுத்த மே மாசத்துக்கு பேசியாச்சு, இந்த தடவை பசங்களுக்கும் சேர்த்து. மண்டபம் பார்க்க போனப்ப முதல்ல சீலிங்கை தான் அண்ணாந்து பார்த்துச்சு, பல்பு தொங்க விட ஹூக்கு இருக்கான்னு.